அமெரிக்கக் கவுண்டியின் பெயரும் பிறப்பும்: மலையில் இருந்தபடியே தேடிப் பிடிக்கும் முறை

மகனோ மருமகளோ அனுப்பும் அமெரிக்க முகவரியில் வீட்டு எண், தெரு, ஊர், மாநிலம், அஞ்சல் எண் எல்லாம் இருக்கும். மாநிலத்துக்குள் வரும் ஆட்சிப் பிரிவான கவுண்டி மட்டும் இருக்காது. ஆனால் அங்கே நிலப் பத்திரம், திருமணப் பதிவு, உயில், சொத்து வரி ஆகியவை பெரும்பாலும் கவுண்டி அலுவலகத்தில்தான் கிடக்கின்றன. கொடைக்கானலில் 1845-ல் முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்க மதுரை மிஷன்காரர்களின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்களும் கடைசியில் ஏதாவது ஒரு கவுண்டியின் பதிவேட்டில்தான் போய் நிற்க வேண்டும். அந்தக் கவுண்டி எப்போது பிறந்தது, யார் பெயரைத் தாங்குகிறது என்பதைச் சரியாகக் கண்டுபிடிக்க ஊட்டியோ கொடைக்கானலோ தாண்டிப் போகத் தேவையில்லை. எதை முதலில் தேடுவது என்ற வரிசை தெரிந்தால் போதும். பெயருக்கான விளக்கத்தை முதலில் தேடிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். தேதியும் தாய்க் கவுண்டியும் முதலில் வர வேண்டும், பெயர் கடைசியில்.

கவுண்டியை நம் மாவட்டம் என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதிதான் சரி. இங்கே கலெக்டர் மேலிருந்து வருகிறார். அங்கே ஷெரீப், கிளார்க், வரி மதிப்பிடும் அசெசர் போன்றவர்களைப் பல இடங்களில் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தேடுகிறவருக்கு இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கவுண்டியை உண்டாக்குவதும் பெயரிடுவதும் மாநிலத்தின் வேலை, மத்திய அரசுக்கு அதில் கை இல்லை. எனவே வாஷிங்டன் தலைநகருக்கு எழுதிக் காத்திருப்பது வீண். லூசியானாவில் கவுண்டிக்குப் பதில் ‘பாரிஷ்’, அலாஸ்காவில் ‘பரோ’. வர்ஜீனியாவில் சில நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராதவை: ஃபேர்ஃபாக்ஸ் நகரம் வேறு, ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி வேறு. கனெக்டிகட்டில் கவுண்டி அரசாங்கமே 1960-ல் நின்றுவிட்டது, பழைய பெயர்கள் மட்டும் வழக்கில் இருக்கின்றன.

முதலில் எந்தக் கவுண்டி என்பதை உறுதி செய்யுங்கள்

ஊர்ப் பெயரை வைத்தோ அஞ்சல் எண்ணை வைத்தோ ஊகிக்க வேண்டாம். அஞ்சல் எண் தபால் வண்டியின் வசதிக்காகப் போட்டது. ஒரே எண் இரண்டு கவுண்டிகளில் பரவிக் கிடக்கும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் ‘ஜியோகோடர்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. முழு முகவரியைக் கொடுத்தால் கவுண்டியையும் அதன் ஃபிப்ஸ் (FIPS) எண்ணையும், அதாவது அரசு அதற்கு இட்ட அடையாள எண்ணையும், காட்டும். அந்த ஐந்து இலக்க எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த மூன்றும் கவுண்டி. டெக்சாஸின் காலின் கவுண்டி 48085, கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டி 06085. கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் எழுதி வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். எக்செல்லில் அடித்தால் 06085-இன் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும். அந்தக் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டு அடியுங்கள்.

எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அமெரிக்காவில் ஒரே பெயர் டஜன் கணக்கில் திரும்பத் திரும்ப வரும். வாஷிங்டன், ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின், ஜாக்சன், லிங்கன் ஆகிய பெயர்களில் ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு மேல் கவுண்டிகள் உண்டு. மாநிலம் குறிக்காத ‘ஜெஃபர்சன் கவுண்டி’ என்ற குறிப்பால் எந்தப் பயனும் இல்லை.

தாய்ப்பத்திரம் தேடுவது போலத் தாய்க் கவுண்டியைத் தேடுங்கள்

நிலம் வாங்குகிறவர் நடப்புப் பத்திரத்தோடு நிற்காமல் தாய்ப்பத்திரம், அதற்கு முந்தைய பத்திரம் என்று பின்னோக்கிப் போவார் அல்லவா, கவுண்டிக்கும் அதே வேலைதான். இன்றைய கவுண்டிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பெரிய கவுண்டியிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. வெட்டிய தேதிக்கு முந்தைய பதிவேடுகள் பொதுவாகத் தாய்க் கவுண்டியின் தலைநகரிலேயே தங்கிவிடும். புதுக் கவுண்டிக்குத் தேவையான பக்கங்களைச் சில இடங்களில் நகலெடுத்துக் கொடுத்திருப்பார்கள், எல்லா இடத்திலும் அல்ல.

நம் மலையிலும் இதே கதைதான். கூடலூரை உள்ளடக்கிய தென்கிழக்கு வயநாடு 1877-ல்தான் மலபாரிலிருந்து நீலகிரிக்கு வந்தது. 1870-ன் கூடலூர்த் தோட்டப் பதிவை நீலகிரித் தொகுப்பில் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். நீலகிரியே 1868 ஆகஸ்டு வரை கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள் இருந்தது. கொடைக்கானலுக்கு 1985-க்கு முந்தைய கோப்பு என்றால் மதுரை மாவட்டம்.

இந்த வேலைக்குச் சிகாகோவின் நியூபெரி நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் கவுண்டி எல்லை வரலாற்று வரைபடத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்துத் தேதியைக் கொடுத்தால் அந்த நாளில் எல்லைக் கோடு எங்கே ஓடியது என்று காட்டும். எந்தச் சட்டத்தால் மாறியது என்ற குறிப்பும் இருக்கும். குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலி சர்ச் தளத்தின் விக்கிப் பக்கங்களில் தாய்க் கவுண்டியோடு, நிலப் பதிவு எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, திருமணப் பதிவு எப்போதிலிருந்து, நீதிமன்றக் கட்டடம் தீப்பிடித்ததா என்பதெல்லாம் கிடைக்கும். தீயைக் கண்டிப்பாகப் பாருங்கள். வர்ஜீனியாவில் பதிவேடு எரிந்த கவுண்டிகள் ஏராளம். 1890-ன் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பெரிதும் சேதமடைந்து, பின்னர் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன. அந்த ஆண்டைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். ஒரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆம், நம் பழைய மெட்ராஸ் பெயர்தான், உச்சரிப்பு மட்டும் ‘மேட்ரஸ்’. அது ஜெஃபர்சன் கவுண்டியின் தலைநகர், ஃபிப்ஸ் எண் 41031. இந்தக் கவுண்டி 1914 டிசம்பர் 12-ல் குரூக் கவுண்டியிலிருந்து பிரிந்தது. முதலில் தலைநகர் கல்வர், பிறகுதான் மெட்ராஸ். குரூக் 1882-ல் வாஸ்கோ கவுண்டியிலிருந்து பிரிந்தது, அதன் தலைநகர் பிரைன்வில். வாஸ்கோ 1854-ல் உண்டானபோது காஸ்கேட் மலைத்தொடரிலிருந்து ராக்கி மலைகள் வரை நீண்டு கிடந்த ஒரு பிரம்மாண்டம், தலைநகர் த டால்ஸ். ஆக, மெட்ராஸ் வட்டாரத்தில் 1905-ல் எழுதிய பத்திரத்துக்கு முதலில் பிரைன்வில்லில் கேட்க வேண்டும், 1875 என்றால் த டால்ஸில். மெட்ராஸில் கேட்டால் 1914-க்கு முன் ‘கவுண்டியே கிடையாது’ என்று பதில் வரும், அது சரியான பதிலும்கூட.

நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, நடந்தது, தாய்க் கவுண்டி, எந்த ஆவணத்தில் பார்த்தது. நான்காவது பத்தி காலியாக இருக்கும் வரியைப் பென்சிலில் எழுதி வையுங்கள். ஆவணத்தைக் கண்ணால் பார்த்த பிறகே பேனா.

பிறந்த தேதி இரண்டு உண்டு

சட்டசபை கவுண்டியை உருவாக்கிய நாள் ஒன்று. அதிகாரிகள் தேர்வாகி அலுவலகம் இயங்கத் தொடங்கிய நாள் இன்னொன்று. டெக்சாஸின் காலின் கவுண்டி 1846 ஏப்ரலில் உருவாக்கப்பட்டு ஜூலையில் இயங்கத் தொடங்கியது. மூன்றே மாத இடைவெளி. மேற்கு மாநிலங்கள் சிலவற்றில் இந்த இடைவெளி பல ஆண்டுகள் நீளும். அந்த இடைக்காலத்தில் புதுக் கவுண்டி பக்கத்துக் கவுண்டியோடு ‘நீதி நிர்வாகத்துக்காக இணைக்கப்பட்டது’ என்று இருக்கும், பதிவேடும் அங்கேதான் இருக்கும். இரண்டு நூல்கள் இரண்டு தேதி சொன்னால் ஒன்று பிழை என்று அவசரப்பட வேண்டாம், இரண்டும் சரியாக இருக்கலாம்.

தேதி எழுதும் முறையும் ஆளைக் கவிழ்க்கும். அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. 3/4/1846 என்பது மார்ச் 4. காலனிக் காலம் என்றால் இன்னொரு சிக்கல். 1752-க்கு முன் ஆங்கிலேயக் காலனிகளில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-ல் தொடங்கியது. எனவே ஜனவரி முதல் மார்ச் 24 வரையான தேதிகளை 1682/83 என்று இரட்டை ஆண்டாக எழுதுவார்கள். அதை அப்படியே நகல் செய்யுங்கள், நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சட்டத்தின் வாசகத்தைப் பிடியுங்கள்

கவுண்டியை உருவாக்கிய சட்டம் அந்த ஆண்டின் சட்டசபைச் சட்டத் தொகுப்பில் இருக்கும். பழைய தொகுதிகள் பலவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்தி டிரஸ்ட், கூகுள் புக்ஸ் ஆகிய இடங்களில் இலவசமாகப் படிக்கலாம். மழைக்காலத்தில் மலைப்பக்கம் நெட்வொர்க் தள்ளாடும்போது நூற்றுக்கணக்கான பக்கமுள்ள பிடிஎஃப் இறங்காது. ஆர்க்கைவில் அதே நூலின் வெறும் எழுத்துக் கோப்பு தனியாக இருக்கும், எடை மிகக் குறைவு. அதில் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அந்தப் பக்கப் படத்தை மட்டும் திறந்து சரிபாருங்கள். சரிபார்ப்பதைத் தவிர்க்க முடியாது. 1800-க்கு முந்தைய அச்சில் சொல்லின் நடுவில் வரும் ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போல நீண்டிருக்கும், கணினி மிடில்செக்ஸை ‘மிடில்ஃபெக்ஸ்’ என்று படித்து வைத்திருக்கும். நேர்ப் பெயரில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் இப்படி எழுத்தை மாற்றித் தேடிப் பாருங்கள்.

எந்த மாநிலத்தின் தொகுப்பு என்பதிலும் வழுக்கும். சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டி இன்று வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. அதை உருவாக்கியதோ 1852 டிசம்பரில் ஒரிகன் பிரதேசத்துச் சட்டசபை (பிரதேசம் என்பது மாநிலமாவதற்கு முந்தைய நிலை). வாஷிங்டன் பிரதேசம் 1853-ல்தான் பிறந்தது. வாஷிங்டன் சட்டத் தொகுப்பில் எத்தனை நாள் புரட்டினாலும் மூலச் சட்டம் அகப்படாது.

சட்டத்தில் எல்லைகள் ஆறு, ஓடை, முகடு என்று விரிவாக இருக்கும். பெயருக்கான காரணம் பெரும்பாலும் இருக்காது, ‘இன்ன பெயரால் வழங்கப்படும்’ என்று ஒரு வரியோடு முடிந்துவிடும். ஏமாற வேண்டாம். தேதியும் தாய்க் கவுண்டியும் கையில் வந்துவிட்டன அல்லவா, பெயருக்கான விளக்கங்களைச் சோதிக்கும் உரைகல் அவைதான்.

பெயருக்குச் சொல்லும் காரணங்களைச் சோதிப்பது

லிங்கன் என்ற பெயரைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆபிரகாம் லிங்கன்தான் நினைவுக்கு வருவார். வட கரோலினாவின் லிங்கன் கவுண்டி 1779-ல் உண்டானது. ஆபிரகாம் லிங்கன் பிறந்ததே 1809. அந்தக் கவுண்டி விடுதலைப் போர்த் தளபதி பெஞ்சமின் லிங்கன் பெயரால் வந்தது, கென்டக்கியின் லிங்கன் கவுண்டியும் அப்படித்தான். மெய்ன் மாநிலத்தின் லிங்கன் கவுண்டி இன்னும் பழையது, 1760. அது இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தின் பெயர். ஜார்ஜியாவின் ஜாக்சன் கவுண்டி 1796-ல் உண்டானது, ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனுடையது அல்ல, ஜார்ஜியாவின் அரசியல் தலைவர் ஜேம்ஸ் ஜாக்சனுடையது. ஆகவே முதல் சோதனை வெறும் கணக்குதான்: கவுண்டி பிறந்த ஆண்டில் அந்த மனிதர் பிறந்திருந்தாரா, பேர் பெற்றிருந்தாரா?

இரண்டாவது சோதனை, பெயர் நேராக வந்ததா, இன்னொன்றின் வழியாக வந்ததா என்பது. மேலே பார்த்த ஒரிகனின் ஜெஃபர்சன் கவுண்டி ஜனாதிபதியின் பெயரை நேரடியாக வாங்கவில்லை. அதன் மேற்கு எல்லையில் நிற்கும் ஜெஃபர்சன் மலையிலிருந்து வாங்கியது. சுமார் 10,500 அடி உயரம், தொட்டபெட்டாவைவிட ஏறக்குறைய 1,850 அடி கூடுதல். அந்த மலைக்கு 1806-ல் லூயிஸ், கிளார்க் பயணக் குழு பெயரிட்டது, பயணத்துக்கு ஏற்பாடு செய்த ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனின் நினைவாக. எனவே எழுதும்போது ‘கவுண்டி, மலை, மனிதர்’ என்று மூன்று கண்ணியையும் காட்ட வேண்டும். மலையின் பெயரை மாவட்டம் வாங்கிக்கொள்வது நீலகிரிக்காரர்களுக்குப் புதிதல்ல. சாண்டா கிளாரா கவுண்டியும் இப்படித்தான். கலிபோர்னியா 1850-ல் உருவாக்கிய முதல் 27 கவுண்டிகளில் ஒன்றான அது, 1777-ல் நிறுவிய சாண்டா கிளாரா மிஷன் ஆலயத்தின் பெயரை எடுத்தது. ஆலயத்தின் பெயர் அசிசியின் புனித கிளாராவிடமிருந்து வந்தது.

சில இடங்களில் ஒரே ஆளின் பெயர் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கும். காலின் கவுண்டிக்கும் அதன் தலைநகர் மெக்கின்னிக்கும் பெயர் தந்தவர் ஒருவரே: 1836-ல் டெக்சாஸ் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட காலின் மெக்கின்னி. வட கரோலினாவின் மெக்லன்பர்க் கவுண்டியும் அதன் தலைநகர் ஷார்லட்டும் இங்கிலாந்து அரசி ஷார்லட்டைக் குறிப்பவை. முதலாவது அவர் பிறந்த வம்சத்தின் நாடு, இரண்டாவது அவரது பெயர். தலைநகரின் பெயரைச் சேர்த்துப் பார்க்காமல் கவுண்டியின் பெயரை முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவது, ஒலியை நம்பாதிருப்பது. கோத்தகிரியில் உள்ள ‘கிரி’யை மலை என்று படிப்பவர்கள் நிறைய. கோத்தர்களின் தெரு, அதாவது ‘கேரி’ என்பதே ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் விளக்கம். அமெரிக்காவின் பூர்வகுடிப் பெயர்களில் இது பல மடங்கு நடக்கும். பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்ததை ஆங்கிலேயர் எழுதிவைத்த பெயர்கள் அவை. அழகான காதல் கதையோடு வரும் பூர்வகுடிப் பெயர் விளக்கத்தைப் பார்த்தால் சந்தேகப்படுவது நல்லது. அந்த மக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் பழங்குடி அரசுகள் நடத்தும் பண்பாட்டுத் துறைகளின் தளங்களில் பெயருக்கு அவர்களே தரும் விளக்கம் கிடைக்கும்.

நான்காவது, யார் எப்போது சொன்னது என்பது. பெயர் வைத்த காலத்துப் பத்திரிகைச் செய்தி முதல் தரம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ‘குரோனிக்ளிங் அமெரிக்கா’ தொகுப்பில் பழைய நாளிதழ்கள் இலவசம். கவுண்டி உருவான தேதிக்கு ஆறு மாதம் முன்னும் பின்னும் வைத்துத் தேடுங்கள். 1870-களிலிருந்து வெளிவந்த தடித்த கவுண்டி வரலாற்று நூல்கள் இரண்டாம் தரம். அவற்றில் பல முன்பணம் வாங்கி அச்சிட்டவை, பணம் கொடுத்த குடும்பங்களின் புகழ் தூக்கலாக இருக்கும். ‘முதல் குடியேறியவர் பெயரால் வந்தது’ என்று அத்தகைய நூலில் கண்டால், அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைக் குறிப்பு பின்பக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஹென்றி கானெட் தொகுத்து அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1905-ல் இரண்டாம் பதிப்பாக வெளியிட்ட இடப்பெயர் நூல் தேடலைத் தொடங்க உதவும், அதிலேயே முடித்துவிடக் கூடாது.

சோதித்த பிறகும் இரண்டு விளக்கம் மிஞ்சினால் இரண்டையும் எழுதுங்கள். ஒரிகனின் மெட்ராஸ் ஊருக்கே அப்படி இரண்டு உண்டு: கடையில் இருந்த மெட்ராஸ் துணிக் கட்டைப் பார்த்து வைத்தது என்று ஒன்று, நேராக நம் ஊர்ப் பெயரையே எடுத்தது என்று மற்றொன்று. நியூ ஜெர்சியின் மான்மத் கவுண்டி 1683-ல் உண்டானது. சென்னையில் பணியாற்றிய மிஷனரி மருத்துவர் ஜான் ஸ்கடர் 1793-ல் பிறந்த ஃப்ரீஹோல்ட் அதன் தலைநகர். பெயர் வேல்ஸின் மான்மத்ஷயரிலிருந்து வந்தது என்பார்கள், மான்மத் கோமகனிடமிருந்து என்பாரும் உண்டு. ஸ்கடர் போன்றவர்களின் குடும்ப வேர் தேடுகிறவருக்கு இன்னொரு குறிப்பு: இன்றைய ஓஷன் கவுண்டி 1850 வரை மான்மத்துக்குள் இருந்தது.

பெயர் மாறியவை, மாறாமல் மாறியவை

ஃபுளோரிடாவின் டேட் கவுண்டி 1997-ல் மயாமி-டேட் ஆனது. தெற்கு டகோட்டாவின் ஷானன் கவுண்டி 2014-ல் நடந்த வாக்கெடுப்புக்குப் பின் ஒக்லாலா லகோட்டா ஆனது. ஃபிப்ஸ் எண்கள் அகரவரிசைப்படி இட்டவை என்பதால் பெயர் மாறும்போது எண்ணும் மாறும்: 12025 என்பது 12086 ஆயிற்று, 46113 என்பது 46102 ஆயிற்று. பழைய பட்டியலையும் புதுப் பட்டியலையும் எண்ணை வைத்து ஒட்டினால் இந்த இரண்டும் உதிர்ந்துவிடும்.

கிங் கவுண்டி வேறு ரகம். 1852-ல் அது வில்லியம் ரூஃபஸ் கிங் என்பவர் பெயரால் வந்தது. துணை ஜனாதிபதியாகத் தேர்வாகியிருந்தவர், அலபாமாவில் அடிமைகளை வைத்திருந்தவர். 1986-ல் கவுண்டி மன்றம் அதே பெயரை மார்ட்டின் லூதர் கிங்குக்கு உரியதாகத் தீர்மானம் போட்டது, மாநிலச் சட்டம் அதை 2005-ல் உறுதி செய்தது. எழுத்தும் எண்ணும் மாறவில்லை, ஆள் மட்டும் மாறினார். அயோவாவின் ஜான்சன் கவுண்டியும் 2021-ல் இதையே செய்தது. முன்பு துணை ஜனாதிபதி ரிச்சர்ட் மென்டர் ஜான்சன், இப்போது கல்வியாளர் லூலு மெர்ல் ஜான்சன். 2000-க்கு முன் அச்சான நூலை மட்டும் பார்த்து எழுதினால் இங்கே பாதி உண்மைதான் கிடைக்கும்.

அலுவலகத்துக்கு எழுதுவது

பதிவேட்டு நகல் வேண்டுமென்றால் கவுண்டி கிளார்க் அல்லது ரெக்கார்டர். ‘பெயர் எப்படி வந்தது’ என்ற கேள்வியை அவர்களிடம் கேட்காதீர்கள், அது கவுண்டியின் வரலாற்றுச் சங்கத்துக்கு உரியது. பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்துவது, வாரத்தில் சில நாள்தான் திறந்திருக்கும். ஒரு மின்னஞ்சலில் ஒரு கேள்வி மட்டும் வையுங்கள்: என்ன பதிவு, யார் பெயர் (அந்தக் காலத்து எழுத்து வேறுபாடுகளோடு), எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை. கட்டணத்தை முன்கூட்டியே கேளுங்கள். டாலர் காசோலை மட்டும் வாங்கும் அலுவலகங்கள் உண்டு, அங்கே உள்ள உறவினரைக் கட்டச் சொல்வது எளிது.

தொலைபேசியில் பேசுவதானால் நேரக் கணக்கு: மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூ ஜெர்சி, வர்ஜீனியா போன்ற கிழக்குக் கரை நமக்கு 9½ மணி நேரம் பின்னால், ஒரிகன், கலிபோர்னியா 12½ மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் இரண்டுக்கும் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஒரிகனில் காலை 9 மணிக்குத் திறக்கும் அலுவலகத்துக்குக் கோடையில் இங்கே இரவு 9:30-க்கும் குளிர்காலத்தில் 10:30-க்கும் பேச வேண்டும்.

தமிழில் எழுதி வைக்கும்போது உச்சரிப்பை உள்ளூர்க்காரர் பேசும் காணொளியில் கேட்டுவிட்டு எழுதுங்கள். டெக்சாஸின் நகரம் ஹியூஸ்டன், ஜார்ஜியாவில் அதே எழுத்துள்ள கவுண்டியை ‘ஹவுஸ்டன்’ என்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மாநிலமும் ஃபிப்ஸ் எண்ணும் இருந்தால், உச்சரிப்பு எப்படிப் போனாலும் அடுத்து வருபவர் அதே கவுண்டியை எடுத்துவிடுவார்.